கரோல் கிங் வாசிப்பை "சுமார்" என்று தள்ளிவிடலாமா?

இடக்கை:

சாஃப்ட் ராக்கில், அதாவது மென்மையான ராக் இசையில், பியானோ என்று பேச்செடுத்தாலே எல்டன் ஜான், பில்லி ஜோயல் இரண்டு பெயரும் உடனே வந்துவிடும். யாராவது அமெரிக்கப் பாடகி கரோல் கிங் பெயரைச் சொன்னால், "பாட்டு நன்றாக எழுதுவார், வாசிப்பு சுமார்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பல வருடமாக இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இந்த இழை.

என் கட்சி இதுதான். கரோல் கிங் வாசிப்பது இசை அமைக்கிறவரின் பியானோ. அதில் ஒரு முழுக் குழு உட்கார்ந்திருக்கிறது, காட்டிக்கொள்ளாமல். அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் 1960களின் தொடக்கத்துக்குப் போக வேண்டும். நியூயார்க்கில் 1650 பிராட்வேயில் இருந்த ஆல்டன் மியூசிக் பதிப்பகத்தில், அப்போதைய கணவர் ஜெரி காஃபின் வரி எழுத, இவர் மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் டெமோ, அதாவது மாதிரிப் பாட்டு, பதிவு செய்து பாடகர்களிடமும் தயாரிப்பாளர்களிடமும் கொடுக்க வேண்டும். டெமோ கேட்கிறவருக்கு பேஸ் (அடியில் ஒலிக்கும் கீழ்ச் சுரம்) எங்கே நடக்கிறது, வயலின்கள் எங்கே நுழைய வேண்டும், பின்பாட்டு எங்கே சேர வேண்டும் என்பதெல்லாம் காதில் விழ வேண்டும், ஆனால் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு பியானோவும் அவர் குரலும்தான். பத்து வருடம் இதையே செய்த கை எப்படிப் பழகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஷிரெல்ஸ் குழு பாடிய "வில் யூ லவ் மீ டுமாரோ" 1961 தொடக்கத்தில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அது பதிவானபோது கரோலுக்கு 18 வயது. அதற்கான தந்தி வாத்தியப் பகுதியையும் அவரேதான் எழுதினார். பத்து வருடம் கழித்து 1971 ஜனவரியில் ஹாலிவுட்டின் ஏ அண்ட் எம் ஸ்டுடியோவில் "டேபஸ்ட்ரி" ஆல்பத்தைப் பதிவு செய்தபோது, தயாரிப்பாளர் லூ ஆட்லர் தேடியது அந்தப் பழைய டெமோக்களின் தன்மையைத்தான். கேட்கிறவர் பக்கத்தில் ஒரு பெண் பியானோ முன்னால் உட்கார்ந்து அவருக்காகவே பாடுவது போல இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த ஆல்பம் 15 வாரம் தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது.

சரி, உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

எண்பத்தெட்டு:

வரலாறு எல்லாம் சரி, நண்பரே. ஆனால் வரலாறு வேறு, வாசிப்பு வேறு. எல்டன் ஜான் 11 வயதிலேயே லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் உதவித்தொகையோடு படித்தவர். அந்தப் படிப்போடு, லியான் ரஸ்ஸலிடம் கேட்டுக் கேட்டு ஏற்றிக்கொண்ட காஸ்பெல் (தேவாலயப் பாட்டு) அடியும் அவர் கையில் சேர்ந்திருக்கிறது. 1970இல் வந்த "யுவர் சாங்" தொடக்கத்தைக் கேளுங்கள். இடது கை இ ஃப்ளாட் என்ற சுரத்திலேயே ஊன்றி நிற்கிறது, அதன் மேல் வலது கை கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்துகளை) மட்டும் மாற்றிக்கொண்டே போகிறது. அப்புறம் சரணத்தின் நடுவில் பேஸ் சி, பி ஃப்ளாட், ஏ, ஏ ஃப்ளாட் என்று ஒவ்வொரு படியாக இறங்குகிறது, மேலே கிட்டத்தட்ட அதே சி மைனர் தொடர்ந்துகொண்டிருக்கிறது. முதல் தடவை வாசித்தபோது எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அது யோசித்துக் கட்டியது.

பில்லி ஜோயலுடைய "பியானோ மேன்" எடுத்துக்கொண்டாலும் அதே கதைதான். சி-யில் தொடங்கி பி, ஏ, ஜி, எஃப், இ, டி என்று இடது கை படிக்கட்டு இறங்கி, ஜி-க்குத் தாவி, திரும்பவும் வீட்டுக்கு வருகிறது. மூன்று எண்ணிக்கைத் தாளம் அதை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. இந்த இரண்டிலும் பியானோவுக்கு என்று ஒரு முகம் இருக்கிறது. தொடக்க இசை வந்ததுமே இது இன்ன பாட்டு என்று தெரிந்துவிடும். கரோலிடம் அப்படி எதைக் காட்டுவீர்கள்? நான் குறை சொல்ல வரவில்லை, அவர் பாடல்கள் எனக்கும் உயிர். ஆனால் பியானோ வாசிப்பு என்று தனியாக எடுத்தால் நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இடக்கை:

"இட்ஸ் டூ லேட்" காட்டுகிறேன். பியானோ இருந்தால் இப்போதே கையை வையுங்கள்.

வலது கையில் ஜி, ஏ, சி. இடது கையில் கீழே ஏ. இது ஏ மைனர் செவன்த், ஐந்தாம் சுரத்தை விட்டுவிட்டேன். இப்போது வலது கையை எடுக்காமல் நடு விரலை ஏ-யிலேயே வைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்து விரல்களையும் அரைச் சுரம் மட்டும் இறக்குங்கள். ஜி எஃப் ஷார்ப்பாகிறது, சி பி-யாகிறது. இடது கை டி-க்குப் போகட்டும். டி சிக்ஸ்த் வந்துவிட்டது. இந்த இரண்டு கார்டும் மாறி மாறித்தான் அந்தப் பாட்டின் சரணம் நடக்கிறது. (இது நான் வாசிக்கிற முறை, அவர் விரல் ஒவ்வொரு முறையும் இதே கட்டையில்தான் விழுகிறது என்று சொல்லவில்லை.)

இதில் என்ன விசேஷம் என்றால், மைனர் கார்டிலிருந்து போகும்போது டி மைனருக்குப் போயிருந்தால் சாதாரண சோகப் பாட்டு. அந்த எஃப் ஷார்ப் ஒரு ஜன்னலைத் திறந்துவிடுகிறது. பாட்டில் பிரிவுதான் விஷயம், ஆனால் அழுகை இல்லை, யார் மேலும் பழி இல்லை, முடிந்தது முடிந்தது என்று ஒருவர் நிதானமாகச் சொல்கிறார். வரி எழுதியவர் டோனி ஸ்டெர்ன். அந்த நிதானம் வரியில் பாதி என்றால் மீதிப் பாதி அரைச் சுரம் இறங்கும் இரண்டு விரலில் இருக்கிறது. பல்லவிக்கு வந்ததும் பி ஃப்ளாட் மேஜர் செவன்த்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறார் பாருங்கள், அதுவரை இருந்த தரையே கொஞ்சம் நகர்ந்தது போல இருக்கும்.

முகம் இல்லை என்றீர்களே, அந்த இரண்டு கார்டை எங்கே வாசித்தாலும் கேட்கிறவர் தலையசைப்பார்.

புதுவிரல்:

நான் இந்தப் பக்கத்தை வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. பியானோ கற்க ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. மேலே சொன்ன அந்த இரண்டு விரல் விஷயத்தை இப்போதுதான் வாசித்துப் பார்த்தேன், உண்மையிலேயே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஒரு மாதமாக இதே பாட்டை ஒரு அச்சுப் பிரதியை வைத்துக்கொண்டு வாசித்தேன், ஒவ்வொரு கார்டுக்கும் கை தாவித் தாவிப் போகும்படி எழுதியிருந்தது, அதனால் பாட்டே வரவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். வாசிக்க வருகிறது, பாடவும் ஓரளவு வருகிறது, இரண்டையும் சேர்த்தால் எல்லாம் குலைந்துவிடுகிறது. நான் முதலில் போன வகுப்பில், வலது கையில் மெட்டை வாசித்துக்கொண்டே பாடு என்றார்கள். மெட்டைக் கையில் பிடித்ததும் குரல் அதற்குப் பின்னால் இழுபடுகிறது. ஆறு மாதம் முயன்று, எனக்குப் பாட்டு வராது என்றே முடிவு செய்துவிட்டேன். இவர்கள் எல்லாரும் எப்படிச் செய்கிறார்கள்?

இடக்கை:

@புதுவிரல் உங்களுக்குப் பாட்டு வரும். முதல் வேலையாக வலது கையில் மெட்டு வாசிப்பதை நிறுத்துங்கள். இந்தப் பாணியில் பாடுகிறவர் வாசிக்கும்போது மெட்டு தொண்டையுடையது. கைக்கு அதில் உரிமையில்லை. "டேபஸ்ட்ரி" முழுக்கக் கேட்டுப் பாருங்கள், பாடிக்கொண்டிருக்கும் இடத்தில் வலது கை குரலுக்குக் கீழேயே தங்கும், பெரும்பாலும் நடு சி-யைச் சுற்றி, நெருக்கமான கார்டுகளாக. வரி முடிந்து மூச்சு வாங்கும் இடைவெளியில்தான் மேலே ஏறி ஒரு சின்னச் சங்கதி சொல்லிவிட்டு இறங்கிவிடும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு வாரம் வலது கையைத் தொடையில் வைத்துக்கொள்ளுங்கள். இடது கையில் பேஸ் சுரம் மட்டும், அதன் மேல் பாடுங்கள். பேஸும் குரலும் சேர்ந்து நின்றுவிட்டால் பாட்டு நின்றுவிட்டது. நடுவில் வருகிற கார்டுகள் அதற்கப்புறம் தானாக வந்து உட்காரும்.

ஒலிவாங்கி:

எல்லோரும் விரலையே பேசுகிறீர்கள், பதிவைப் பற்றி யாரும் பேசவில்லையே. அந்த ஆல்பம் ஏன் காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது என்பதற்கு வாசிப்பு பாதிக் காரணம்தான். டேனி கார்ச்மர் கிடார், சார்ல்ஸ் லார்கி பேஸ், ரஸ் குன்கல், ஜோயல் ஓ பிரையன் ட்ரம்ஸ், கூட ஜேம்ஸ் டெய்லரின் அக்கூஸ்டிக் கிடார். எவ்வளவு பேர் இருந்தாலும் பியானோவும் குரலும் முன்னால், மற்ற எல்லாம் ஒரு அடி பின்னால். ட்ரம்ஸ் உலர்ந்த ஒலி, எதிரொலி குறைவு, அடி விழுந்ததும் அடங்கிவிடும். அந்த அடங்கிய இடத்தில்தான் பியானோவின் கார்டு நீண்டு ஒலிக்க இடம் கிடைக்கிறது. ட்ரம்ஸ் பெரிதாக ஒலித்திருந்தால் நீங்கள் சொன்ன அரைச் சுர இறக்கம் எல்லாம் அதற்குள் புதைந்து போயிருக்கும்.

அதே கட்டடத்தில் அதே சமயம் அடுத்த அறைகளில் கார்ப்பென்டர்ஸும் ஜோனி மிட்செலும் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். ஜோனி மிட்செல் இங்கே வந்து ஜேம்ஸ் டெய்லருடன் பின்பாட்டும் பாடினார், "வில் யூ லவ் மீ டுமாரோ"வில். ஒரே கட்டடத்தில் இப்படி மூன்று விதமான மென்மை. எனக்கு அதை நினைத்தாலே சிலிர்க்கும்.

இன்னொன்று, சாஃப்ட் ராக் பியானோ என்றால் நிஜப் பியானோ மட்டுமில்லை. 1977இல் வந்த பில்லி ஜோயலின் "ஜஸ்ட் தி வே யூ ஆர்" ஃபெண்டர் ரோட்ஸ் என்ற மின்பியானோவில் வாசித்தது. ரோட்ஸில் சுத்தியல் உலோகக் கம்பியைத் தட்டுகிறது, வுர்லிட்ஸர் என்ற இன்னொரு மின்பியானோவில் மெல்லிய உலோகத் தகட்டை. அதனால்தான் ரோட்ஸ் மணி மாதிரி உருண்டு வருகிறது, வுர்லிட்ஸரை அழுத்தி அடித்தால் கொஞ்சம் உறுமுகிறது. ரோட்ஸ் வந்த பிறகு இந்தப் பாணியே வழவழப்பாகிவிட்டது என்பது என் எண்ணம். மரத்தின் சத்தம் போய்விட்டது. அழகுதான், ஆனால் ஆள் பக்கத்தில் இருக்கிற உணர்வு குறைந்துவிட்டது.

மௌனசுரம்:

ஒலிவாங்கி சொன்னதோடு சேர்த்து நான் ஒன்று சொல்ல வேண்டும், குரலைப் பற்றி. கரோல் கிங் பெரிய குரல்காரர் கிடையாது. மேலே போகும்போது கொஞ்சம் கரகரக்கும், இழுத்துப் பிடித்துதான் போவார். மேடை ஏறவே தயங்கியவர், ஜேம்ஸ் டெய்லர்தான் தைரியம் கொடுத்து ஏற்றினார். எல்லாருக்கும் பாட்டு எழுதிக் கொடுத்த ஒருவர் கடைசியில் தன் குரலிலேயே பாட வருகிறார் என்பதை அந்தக் கரகரப்பில் கேட்கலாம். அந்த ஆல்பத்தின் 12 பாட்டில் ஏழுக்கு வரியும் அவரே எழுதினார். இவ்வளவு நாள் மற்றவர் எழுதிய வரிக்கு மெட்டுப் போட்ட பெண், இப்போது தன் பேச்சுக்கே மெட்டுப் போடுகிறார்.

"யூவ் காட் எ ஃப்ரெண்ட்" பாட்டைக் கரோல், டெய்லர் இருவரும் 1971இலேயே பதிவு செய்தார்கள். டெய்லர் பாடியது அந்த ஜூலையில் முதலிடத்துக்குப் போனது. அடுத்த வருட கிராமியில் அந்த வருடத்தின் பாடல் விருது கரோலுக்கு, அதே பாட்டைப் பாடியதற்கு ஆண் குரல் விருது டெய்லருக்கு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். டெய்லருடையது ஏ மேஜரில், கிடாரில், விரல் தந்தி மேல் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஒரு நண்பர் நடந்துகொண்டே தோளில் கை போட்டுப் பேசுகிற மாதிரி. கரோலுடையது ஏ ஃப்ளாட்டில். சரணம் எஃப் மைனரில் தொடங்குகிறது, ஒவ்வொரு கார்டையும் வைத்துவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கிறார், ட்ரம்ஸ் கிடையாது. சரணத்தில் கஷ்டத்தைச் சொல்லும்போது மைனர், பல்லவியில் கூப்பிட்டால் வருவேன் என்று வாக்குக் கொடுக்கும்போது அதன் உறவான ஏ ஃப்ளாட் மேஜருக்கு வந்துவிடுகிறது. சோகத்துக்கும் ஆறுதலுக்கும் ஒரே சுரங்கள்தான், ஊன்றுகிற இடம்தான் வேறு. கிடாரிலும் அது நடக்கிறது, ஆனால் பியானோவில் அந்தக் காத்திருப்பு இருப்பதால் பல்லவி வரும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து முகத்தைப் பார்த்த மாதிரி இருக்கும்.

என் அம்மா இறந்த வருடம் டெய்லர் பாடியதை என்னால் கேட்கவே முடியவில்லை, கரோல் பாடியதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். இதற்குக் காரணம் எனக்கு இப்போதுதான் எழுதும்போது புரிகிறது.

எண்பத்தெட்டு:

மௌனசுரம் அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டையும் போட்டுக் கேட்டேன். காத்திருப்பு என்ற சொல் சரியானது. எல்டன் காத்திருக்க மாட்டார், அவர் கை எப்போதும் அடுத்த அடியை நோக்கிப் பாய்ந்துகொண்டே இருக்கும். அது அவர் பலம். அவருடைய பாடலாசிரியர் பெர்னி டாபின் எழுதிய வரி முதலில் வரும், அதைப் பார்த்துத்தான் இவர் மெட்டுப் போடுவார், அதனால் இன்னொருவர் சொல்லை மேடையில் தூக்கி நிறுத்துகிற வேகம் அந்த வாசிப்பில் இருக்கிறது. கரோலுடையது தனக்கே வாசித்துக்கொள்வது போல.

இடக்கை சொன்னதில் பாதிக்கு நான் வந்துவிட்டேன். மீதிப் பாதி இன்னும் வரவில்லை. காரணம், அவரைப் பார்த்து வந்தவர்கள். பின்னால் எத்தனையோ பேர் ஒலியை நீட்டுகிற கால் பெடலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையில் ஒற்றைச் சுரம், வலது கையில் நாலு எண்ணிக்கைக்கு நாலு கார்டு என்று தட்டித் தட்டி ஒரு பெரிய ஈரப் போர்வை மாதிரி ஆக்கிவிட்டார்கள். எளிமை என்று அவர் காட்டிய வழியில்தானே இது வந்தது?

இடக்கை:

இல்லை, அங்கேதான் நான் முழு பலத்தோடு மறுக்கிறேன். அவர்கள் எடுத்துக்கொண்டது மேல் தோற்றம். கரோலின் இடது கையில் இருக்கும் பேஸ் சுரமும் வலது கையில் இருக்கும் கார்டும் பல இடங்களில் ஒரே வீட்டைச் சேர்ந்தவையே கிடையாது. அதைப் பார்க்காமல் விட்டவர்கள்தான் போர்வை நெய்தார்கள்.

சி மேஜரில் இருக்கிறோம் என்று வையுங்கள். பல்லவிக்குத் திரும்ப வேண்டும். வழக்கமாக ஜி செவன்த். அதில் பி என்ற சுரம் இருக்கிறது, பக்கத்திலேயே இருக்கும் சி-க்குப் போயே தீர வேண்டும் என்று அது இழுக்கும், கூடவே எஃப் உரசும், கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும். அதற்குப் பதில் இடது கையில் ஜி, வலது கையில் எஃப் மேஜர், அதாவது எஃப், ஏ, சி. பி இல்லை. தட்டுவது நின்றுவிட்டது. வீடு திரும்புகிறோம் என்று தெரிகிறது, அவசரம் இல்லை. காஸ்பெல்லிலும் ஸோல் இசையிலும் புழங்கிய கார்டுதான் இது, ஆனால் இந்தப் பாணியில் பியானோவோடு பாடுகிறவர்கள் கையில் அது பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது. வாத்தியக்காரர்கள் பலர் இந்தக் கார்டைச் சொல்லும்போது கரோல் கிங் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள்.

"வில் யூ லவ் மீ டுமாரோ"வை ஷிரெல்ஸ் பாடியதையும் 1971இல் அவரே பாடியதையும் வைத்துப் பாருங்கள். முதலாவதில் துள்ளல் இருக்கிறது, நாளைக்கும் என்னை நேசிப்பாயா என்று கேட்கிற பெண்ணுக்குப் பதில் தெரியாது. இரண்டாவதில் வேகத்தைப் பெரிதாகக் குறைத்துவிட்டார். மெட்டு அதேதான். காஃபினோடு திருமண உறவே முறிந்துபோன பிறகு, அவர் எழுதிய வரியை, அதே கேள்வியை, 28 வயதில் கேட்கிறார். இப்போது கேட்கிறவளுக்குப் பதில் தெரியும் என்று எனக்குத் தோன்றும். வேகத்தைக் குறைத்தால் காலி இடம் வரும். அந்த இடத்தை நிரப்பத் தெரியாதவர்தான் பெடலை அமுக்குவார். அவர் ஒவ்வொரு கார்டு மாற்றத்துக்கும் பெடலைத் தூக்குகிறார், பழைய கார்டு போய்விட்டது என்று காதுக்குத் தெரிகிறது. போர்வை ஆகாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

ஒலிவாங்கி:

பெடல் பற்றி எழுதியதற்கு நன்றி. கார்டை அடித்துவிட்டு, அடித்த ஒரு கணத்துக்குப் பின்னால் பெடலைப் போட வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டாலே பாதிப் பேருடைய வாசிப்பு மாறிவிடும். ரெக்கார்டிங்கில் உட்காரும்போது முதலில் காதில் விழுவது அந்தச் சேறுதான், அதைப் பிறகு எந்தக் கருவியாலும் எடுக்க முடியாது.

புதுவிரல்:

பத்து நாள் கழித்து வருகிறேன். சொன்னபடி வலது கையைத் தொடையில் வைத்துக்கொண்டு, ஏ, டி என்று இரண்டு பேஸ் சுரத்தை மட்டும் வாசித்துக்கொண்டு "இட்ஸ் டூ லேட்" சரணத்தைப் பாடினேன். முதல் இரண்டு நாள் வெறுமையாக இருந்தது. மூன்றாம் நாள், நான் எந்தச் சொல்லில் மூச்சு எடுக்கிறேன் என்பது முதல் தடவையாகக் காதில் விழுந்தது. இடது கை டி-யில் இருக்கும்போது எடுத்தால் வரி நிதானமாக முடிகிறது, ஏ-யில் எடுத்தால் அவசரப்படுகிறது. நேற்று வலது கையைச் சேர்த்தேன். கை குரலுக்குப் பின்னால் ஓடவில்லை. ஒரு சரணம் முழுக்க நிற்காமல் பாடிவிட்டேன்.

அடுத்து எதைப் பழகலாம்? பல்லவியில் அந்த பி ஃப்ளாட்டுக்குப் போகும்போது இன்னும் தடுமாறுகிறேன்.

எண்பத்தெட்டு:

அருமை. பி ஃப்ளாட் மேஜர் செவன்த்துக்கு வலது கையில் டி மைனர் வையுங்கள், இடது கையில் பி ஃப்ளாட். அவ்வளவுதான், மேலே இருப்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கார்டு. அடுத்து வரும் எஃப் மேஜர் செவன்த்துக்கும் அதே மாதிரி, வலது கையில் ஏ மைனர், இடது கையில் எஃப். இதை உங்களுக்கு எழுதும்போதே இடக்கை சொன்ன "ஒரே வீட்டைச் சேர்ந்தவை இல்லை" என்பது எனக்கும் சரியாகப் பிடிபட்டது. மீதிப் பாதிக்கும் வந்துவிட்டேன், இடக்கை.

மௌனசுரம்:

@புதுவிரல் அதற்கு அடுத்து "எ நேச்சுரல் வுமன்". 1967இல் அரெத்தா ஃபிராங்க்ளின் பாடி உலகத்துக்கே தெரிந்த பாட்டு, அதைத் தன் ஆல்பத்தின் கடைசியில், பியானோவும் பேஸும் மட்டும் வைத்துக்கொண்டு கரோல் பாடுகிறார். அரெத்தாவின் குரலோடு போட்டி போட யாராலும் முடியாது, அவர் முயலவும் இல்லை. 2015 டிசம்பரில் கென்னடி சென்டர் விழாவில் அரெத்தா அதே பாட்டை, தானே பியானோ முன் உட்கார்ந்து, மாடத்தில் இருந்த கரோலுக்காகப் பாடியதையும் பாருங்கள். அங்கே கரோலின் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு ஆல்பத்தில் இருப்பதைக் கேளுங்கள். இடது கையில் ஆரம்பியுங்கள்.